காலையில் பஸ் நடுவழியில் நின்றால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காலை ஏழு மணிக்குத் திருகோணமலைப் பக்கம் கிண்ணியாப் பாலத்தில் ஒரு பஸ் நின்றால், ஏழேகாலுக்குள் இரண்டு பக்கமும் வாகனம் அடைத்துவிடும். உள்ளே வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், மடியில் பைலோடு கந்தோருக்குப் போகிறவர்கள், கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்திருக்கும் வயதான அம்மாமார். ஏழரைக்குப் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். கிளினிக்கில் பிந்திப் போனால் நம்பர் பின்னால் போய்விடும். எல்லோரும் கொண்டக்டரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

நான் ஒன்பது வருஷம் கிண்ணியா, நிலாவெளி ரூட்டுகளில் கொண்டக்டராக நின்றுவிட்டு, அப்புறம் கராஜ் வேலைக்கு வந்தவன். வழியில் நின்ற பஸ்ஸுக்கு ஸ்பனர் பையோடு ஓடுவதுதான் இப்போது என் காலை வேலை. இதில் நான் கண்ட ஒன்று: பழுதைத் திருத்துவதற்கு எடுக்கும் நேரத்தைவிட, என்ன பழுது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் இழுபடும் நேரம்தான் அதிகம். பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது ஒன்றரை மணித்தியாலமாவது அதனால்தான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சாரதிக்கும் கொண்டக்டருக்கும் எழுதுவது என்றாலும், பயணிகள் படித்தாலும் நல்லது.

எதையும் திறந்து பார்க்க முன்

எஞ்சின் நின்றவுடன் பிறேக்கை மிதிக்காதீர்கள். உருண்டு போகிற அந்தக் கொஞ்ச வேகம்தான் கையில் இருக்கும் ஒரே சொத்து. அதை வைத்து இடப்பக்கம் ஓரங்கட்டுங்கள். பவர் ஸ்டியரிங் உள்ள பஸ்ஸில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல்லுப் போல இறுகும். பூட்டிக்கொண்டது என்று பயந்து விட்டுவிடாமல் இரண்டு கையாலும் பலமாகத் திருப்பினால் திரும்பும்.

நின்ற பிறகு சில்லுக்குக் கட்டை. நான்கு பக்க சிக்னலையும் போடுங்கள். பற்றரி இறந்திருந்தால் சிக்னல் எரியாது, அப்போது பின்னால் ஐம்பது மீற்றர் தள்ளி ஒரு பச்சைக் கொப்பை முறித்துப் போட வேண்டும். எங்கள் ஊரில் கொப்பைக் கண்டால் எந்த லொறிக்காரரும் வேகத்தைக் குறைப்பார். பயணிகளை இடப்பக்கமாக இறக்கி, பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கவிடாமல் ஓரமாக நிறுத்துங்கள். காற்று வாங்கப் பின்பக்கம் போய் நிற்பது ஆட்களின் பழக்கம். ஆபத்தான இடம் அதுதான்.

பாலத்தில் நின்றால் கதை வேறு. 2009 ஒக்டோபரில் திறந்த இந்தப் பாலம் 396 மீற்றர் நீளம். அதற்கு முந்தி 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் வாகனங்கள் கடந்தன. பாதைக்குக் காத்து நின்றவர்களைக் கேட்டால் பாலத்தின் அருமையைச் சொல்வார்கள். அந்தப் பாலத்தின் நடுவில் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பழுது பார்க்கக் கூடாது. ஸ்டார்ட்டர் வேலை செய்தால் முதல் கியரைப் போட்டு, கிளச்சை விட்டுவிட்டு, சாவியைத் திருப்புங்கள். பழைய கியர் பஸ்கள் பற்றரிப் பலத்தில் சில மீற்றர் நகரும். ரயில் கடவையில் நின்றுவிட்டாலும் இதே வழிதான், ஆனால் அங்கே முதலில் ஆட்களை இறக்க வேண்டும், பிறகுதான் பஸ். ஸ்டார்ட்டர் சூடேறிவிடும் என்பதால் இதை வைத்து நெடுந்தூரம் போக நினைக்க வேண்டாம்.

கொண்டக்டர் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டியது இப்போது. பத்து நிமிடம், அவ்வளவுதான் கணக்கு. பத்து நிமிடத்தில் காரணம் பிடிபடாவிட்டால், அல்லது பிடிபட்ட காரணம் வழியில் திருத்தக்கூடியது இல்லை என்றால், பின்னால் வருகிற பஸ்ஸை மறித்து ஆட்களை ஏற்றிவிட வேண்டும். பழுதை அப்புறம் ஆறுதலாகப் பார்க்கலாம்.

அறிகுறி: எஞ்சின் ஓடுகிறது, பஸ் அசைய மறுக்கிறது

காலையில் கூடுதலாகக் குழப்பம் தருவது இதுதான். எஞ்சின் நன்றாக ஓடும், கியர் விழும், கிளச்சை விட்டால் பஸ் ஒரு முறை குலுங்கி நிற்கும். உடனே யாரோ ஒருவர் "தள்ளுங்கோ!" என்று கத்துவார், முப்பது பேர் இறங்கித் தள்ளுவார்கள். ஒரு அங்குலம்கூட நகராது. சாம்பல்தீவுப் பக்கம் ஒரு நாள் நான் போய்ச் சேர்ந்தபோது, நல்ல உடம்புள்ள மனிதர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே ஏறி, பிறேக் காற்றின் அழுத்தத்தைக் காட்டுகிற காற்று முள்ளைத்தான் பார்த்தேன். அது அடியில் கிடந்தது.

பெரிய பஸ்களில் பின் சில்லுக்குள் பலமான சுருள் (ஸ்பிரிங்) ஒன்று பிறேக்கைப் பிடித்தபடி இருக்கும். காற்று டாங்கியிலிருந்து வருகிற காற்று அந்தச் சுருளைத் தள்ளி வைத்திருப்பதால்தான் பஸ் ஓடுகிறது. காற்று இறங்கினால் சுருள் வென்றுவிடும். அதாவது, காற்றுப் போனால் பிறேக் இல்லாமல் போகாது, பிறேக் பிடித்துக்கொள்ளும். ஆட்களைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு அது. தள்ளி அதை வெல்ல முடியாது.

முள் சாதாரணமாக 7, 8 பார் அளவில் நிற்க வேண்டும். 4, 5 அளவுக்கு இறங்கும்போதே எச்சரிக்கைச் சத்தமோ சிவப்பு விளக்கோ வந்துவிடும். சத்தம் தொந்தரவு என்று அந்த வயரைக் கழற்றி வைத்திருக்கிற பஸ்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எண்பது உயிர் ஏறுகிற வாகனம் அது.

சரி, முள் கீழே இருந்தால் எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு முள்ளைப் பாருங்கள். மெதுவாக என்றாலும் ஏறிக்கொண்டே போனால் கசிவு சிறிது. ஏறாமல் நின்றால், அல்லது ஏறிய வேகத்தில் இறங்கினால், எஞ்சினை நிறுத்திவிட்டுச் சத்தம் கேளுங்கள். எல்லோரையும் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்ல வேண்டும். "உஸ்ஸ்" என்ற சத்தம் எங்கிருந்து வருகிறது?

டாங்கியின் அடியிலிருந்து வந்தால் கவலை குறைவு. தண்ணீர் வடிக்கிற வால்வு அங்கே இருக்கிறது. மணலோ துருவோ இடையில் சிக்கி அது முழுவதும் மூடாமல் நின்றிருக்கும். அதிலுள்ள வளையத்தை நான்கைந்து தரம் இழுத்து விட்டால் காற்றே அழுக்கைத் தள்ளிவிட்டு வால்வு உட்காரும். சாம்பல்தீவில் நடந்தது இதுதான். இரண்டு நிமிட வேலை. உப்புக் காற்றில் ஓடுகிற எங்கள் பஸ்களுக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு நாள் காலையும் அந்த வளையத்தை இழுத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

பின் சில்லுப் பக்கத்து ஹோஸிலிருந்து சத்தம் வந்தால், சவர்க்காரத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள், குமிழி எழும்பும் இடம்தான் ஓட்டை. பழைய டியூப் ரப்பரைச் சுற்றிக் கட்டினால் காற்று நிற்கும். நிற்கிறதே என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. அந்தக் கட்டு பஸ்ஸை ஓரங்கட்ட மட்டும்தான். சத்தமே இல்லை, ஆனால் முள்ளும் ஏறவில்லை என்றால் காற்றை நிரப்புகிற கொம்பிரசர் பக்கம்தான் பழுது, அது கராஜ் வேலை. மறுபஸ்ஸை மறியுங்கள்.

சுருளைப் பூட்டி விடுவிக்கிற போல்ட் ஒன்று பின்னால் இருக்கிறது என்று சிலருக்குத் தெரியும். அதைத் திருகிவிட்டால் பஸ்ஸுக்கு நிறுத்துப் பிறேக்கே இல்லை. நான்கு சில்லுக்கும் கட்டை வைக்காமல், தெரிந்த மெக்கானிக் இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

அறிகுறி: சூட்டு முள் சிவப்பில், முன்னால் ஆவி

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இது கூடும். காலையிலேயே வெக்கை, ஆட்கள் நிரம்பிய பஸ், மெதுவாக நகருகிற வரிசை, ரேடியேட்டருக்குக் காற்று போதாது.

முள் இப்போதுதான் சிவப்பைத் தொடுகிறது, ஆவி இல்லை, விசிறி பெல்ட்டும் ஓடுகிறது என்றால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டாம். ஓரங்கட்டி, சும்மா ஓடவிட்டால் விசிறியும் தண்ணீரும் சேர்ந்து சூட்டை இறக்கும். ஆவி வந்துவிட்டால், அல்லது தண்ணீர் கீழே ஒழுகிக்கொண்டிருந்தால், அந்த நொடியே நிறுத்துங்கள்.

அதன் பிறகு மூடியைத் தொடாதீர்கள். ஒரு சாரதித் தம்பி, பிள்ளைகளுக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில், நனைந்த சாக்கைப் போட்டு மூடியைத் திருகினதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூடி கால் சுற்றுத்தான் சுழன்றது. தண்ணீர் தூண் போல எழும்பி முழங்கை வரை தோலை எடுத்துவிட்டது. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் நூறு பாகைக்கு மேலும் கொதிக்காமல் கிடக்கும், மூடி திறந்ததும் ஒரேயடியாக ஆவியாகும். அரை மணித்தியாலம் ஆற வேண்டும், வேறு வழியில்லை. பத்து நிமிடக் கணக்கில் இது அடங்காது, ஆகவே ஆவி வந்த பஸ்ஸில் ஆட்களை வைத்திருக்கவே வேண்டாம்.

ஆறிய பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, எஞ்சின் ஓடும்போதே விடுங்கள். வெந்து கிடக்கிற எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை வாளியோடு கவிழ்த்தால் ஹெட் வெடிக்கும். பெல்ட் அறுந்திருந்தால் டாஷ்போர்டில் பற்றரி விளக்கும் சேர்ந்து எரிந்திருக்கும். சாரதி ஆசனத்துக்குக் கீழே ஒரு பெல்ட் எப்போதும் கிடக்கட்டும்.

அறிகுறி: இழுவை குறைந்து, விக்கி விக்கி நின்றது

ஸ்டார்ட்டர் பலமாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இதற்கு டீசல் வழிதான் காரணம். ஆனால் முதலில் எஞ்சினை நிறுத்துகிற கம்பியைப் பாருங்கள். பழைய பஸ்களில் அது இழுத்தபடியே மாட்டி நிற்கும். பொனட்டைத் திறந்து அரை மணித்தியாலம் தேடிவிட்டு, கடைசியில் அந்தக் குமிழை உள்ளே தள்ளி ஸ்டார்ட் பண்ணின காலைகள் உண்டு.

அது சரி என்றால், குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கடைசிச் சொட்டு வரை ஓட்டினோம். டீசல் டாங்கியின் அடியில் வருஷக்கணக்கில் கிடந்த கசடும் தண்ணீரும் அப்போது பில்டருக்கு ஏறியது. அந்த வருஷம் எனக்கு வந்த அழைப்புகளில் பாதி இந்த நோய்தான்.

பழைய பம்ப் உள்ள எஞ்சினில் வேலை இப்படி. பில்டரின் அடிக் குமிழைத் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். மேலே உள்ள காற்று ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, கைப் பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளை நுரை வரும், பால் பொங்குவது போல. பிறகு பெரிய குமிழிகள், பிறகு இடையிடையே ஒன்று. ஒரு குமிழியும் இல்லாமல் தெளிந்த டீசல் வழியும்போது, கைப் பம்பை அடித்தபடியே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். முதலில் பம்பை விட்டுவிட்டு அப்புறம் இறுக்கினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும். பழகிய கைக்கு ஏழு எட்டு நிமிடம்.

புதிய எலக்ட்ரோனிக் எஞ்சின்களில் இதைச் செய்யாதீர்கள். அவற்றின் குழாயில் ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தம் நிற்கும். அந்த நட்டைத் தளர்த்தினால் டீசல் ஊசி போலத் தோலுக்குள் ஏறும். பஸ் எந்த வகை என்று சாரதிக்குத் தெரியாவிட்டால் தொடாமல் விடுவதே சரி.

அறிகுறி: சாவியைத் திருப்பினால் "டிக்", அவ்வளவுதான்

பற்றரிப் பெட்டியைத் திறவுங்கள். முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், கடற்கரைப் பக்கம் ஓடுகிற பஸ்ஸுக்கு அது வழமை. தேத்தண்ணிக் கடையில் ஒரு கேத்தில் சுடுதண்ணீர் வாங்கி ஊற்றினால் கரைந்துவிடும். துடைத்து, முனையை இறுக்கிப் பாருங்கள். பாதிக்கு மேல் இதோடு முடியும்.

முடியாவிட்டால் இன்னொரு பஸ்ஸிலோ லொறியிலோ வயர் போட்டு எடுக்கலாம். காரில் எடுக்க முடியாது. பெரிய பஸ்ஸுக்கு இரண்டு பற்றரி சேர்ந்து 24 வோல்ட், காருக்கு 12தான். தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதென்றால் முதலில் காற்று முள்ளைப் பாருங்கள், மேலே சொன்னதுதான் காரணம். காற்று இருந்தால் இரண்டாம் கியர் போதும்.

அறிகுறி: பின்பக்கம் வெடிச் சத்தம், அல்லது பஸ் ஒரு பக்கம் சாய்கிறது

பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு சில்லு இருப்பதால் ஒன்று போனாலும் பஸ் நிற்காது. அதனால் "ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்று ஓட்டத் தோன்றும். மற்றச் சில்லு இரண்டு சில்லின் பாரத்தைச் சுமக்கிறது, சூடேறி அதுவும் வெடிக்கும். ஆட்களை இறக்கித்தான் நகர்த்த வேண்டும்.

நட்டைக் கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில பழைய பஸ்களில் இடப்பக்கச் சில்லின் நட் எதிர்ப்புறமாகக் கழலும். தெரியாமல் கம்பியில் ஏறி நின்று மிதிக்கிறவர் உண்மையில் அதை இறுக்கிக்கொண்டிருப்பார், கடைசியில் போல்ட் முறியும். போல்ட்டின் தலையில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது முதலில் இரண்டு பக்கமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள்.

அறிகுறி: வெள்ளத்தில் நின்றது

மார்கழி மழையில் தண்ணீருக்குள் எஞ்சின் நின்றால் சாவியைத் திரும்பத் திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது நசுங்காது, உள்ளே இருக்கிற கம்பிதான் வளையும். கயிறு கட்டி இழுங்கள்.

அறிகுறி: கிளச் வேலை செய்யவில்லை

கிளச் மிதி தரைவரை போய் அங்கேயே கிடந்தால் எண்ணெய் கசிந்திருக்கும். கருகின மணம் வந்தால் பிளேட் முடிந்தது. இரண்டுமே வழியில் தீராது.

அறிகுறி: பஸ்ஸில் பழுதே இல்லை, ஆனாலும் எல்லாம் பிந்துகிறது

ஏழு மணிக்கு ஒரு பஸ் பத்து நிமிடம் நின்று ஓடத் தொடங்கிவிட்டது. எட்டு மணிக்கும் ஏன் ஹோல்டில் (பஸ் நிறுத்தத்தில்) கூட்டம்? "ஒன்றும் வராது, வந்தால் மூன்றும் சேர்ந்து வரும்" என்று நிலாவெளி வீதியில் அம்மாமார் சொல்வது பொய்யில்லை.

பிந்திய பஸ்ஸுக்கு ஒவ்வொரு ஹோல்டிலும் வழமையைவிடக் கூட ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். ஏற்ற நேரம் எடுக்கும், அதனால் இன்னும் பிந்தும், அடுத்த ஹோல்டில் இன்னும் கூட்டம். அதன் பின்னால் வருகிற பஸ்ஸுக்கோ ஆட்களே இல்லை, விரைந்து வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். இரண்டும் ஒன்றாக ஊர்ந்து நகரத்துக்குள் வரும். கொழும்பில் 1953 முதல் 1964 வரை துரொலி பஸ்கள் ஓடின. மேலே உள்ள மின்கம்பியைப் பிடித்துக்கொண்டே ஓடுகிற வண்டி என்பதால், முன்னது நின்றால் பின்னது முந்திப் போக முடியாது. எங்கள் பஸ்ஸுக்கு அந்தக் கட்டு இல்லை. இருந்தும் முன்பஸ்ஸை முந்தினால் வருமானத்துக்குச் சண்டை வரும் என்று பின்னாலேயே வருகிறோம்.

மருந்து இதுதான்: நிரம்பிய முன்பஸ் இறக்க மட்டும் நிற்கட்டும், ஏற்ற வேண்டாம். பின்பஸ் அந்த ஹோல்ட்களை எடுக்கட்டும். இரண்டு கொண்டக்டரும் போனில் ஒரு வார்த்தை பேசினால் போதும். காசுக் கணக்கைப் பின்னேரம் பிரித்துக்கொள்ளலாம். நான் வேலை செய்த காலத்தில் கிண்ணியாக் கொண்டக்டர் நானா ஒருவரோடு அப்படித்தான் ஓடினேன். "தம்பி, நீ நேரே போ, வெள்ளைமணல் ஆட்களை நான் எடுக்கிறேன்" என்பார். ஒரு நாளும் கணக்கில் பிசகியதில்லை.

பயணிகளுக்கு

டிக்கெட்டை எறியாதீர்கள், மறுபஸ்ஸில் மாற்றி ஏற்ற அதுதான் சாட்சி. "எப்ப வெளிக்கிடும்?" என்று கேட்பதைவிட "என்ன பழுது?" என்று கேளுங்கள். காற்று வால்வு, பற்றரி முனை என்றால் நில்லுங்கள். ஆவி, கொம்பிரசர், கிளச் என்றால் அடுத்த பஸ்ஸைப் பாருங்கள். யாருக்கும் மயக்கமோ நெஞ்சு நோவோ வந்தால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். வெளிமாகாண பஸ் பற்றிய முறைப்பாட்டுக்கு 1955.

கொண்டக்டர்மாருக்கும் ஒன்று. "இப்ப சரி, இப்ப சரி" என்று சொல்லிக்கொண்டே ஆட்களை வைத்திருக்காதீர்கள். அரை மணித்தியாலம் என்றால் அரை மணித்தியாலம் என்று சொல்லுங்கள். கோபப்படுவார்கள், ஆனால் ஓட்டோ பிடிக்க நேரம் இருக்கும்.

சாதாரண தர, உயர்தரப் பரீட்சை நடக்கிற நாட்களில் மட்டும் பத்து நிமிடக் கணக்கே இல்லை. பஸ் நின்ற அந்த நிமிடமே, "சோதினைக்குப் போற பிள்ளைகள் யார்?" என்று குரல் கொடுத்து, அனுமதி அட்டையோடு அவர்களை முன்னால் நிற்க வையுங்கள். முதலில் வருகிறது லொறியோ வேனோ ஓட்டோவோ, கையைக் காட்டி மறித்து ஏற்றி அனுப்புங்கள். ஓட்டோக் காசை அன்றைய கலெக்‌ஷனில் எடுத்துக் கொடுங்கள், முதலாளிக்கு நான் சொல்கிறேன்.